தூரச் சூட்டைத் திருத்த: எதில் பணம், எதில் நேரம்?

ஆயிரம் ரிங்கிட்டும் இரவில் ஒரு மணி நேரமும். கோலாலம்பூரில் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் கணினித் துப்பாக்கி விளையாட்டுகளில் ஸ்னைப்பர் (தூரத்திலிருந்து சுடும் துப்பாக்கி) எடுத்து ஆடும் எனக்குத் தெரிந்த தம்பி தங்கைகளிடம் இருப்பது ஏறக்குறைய இவ்வளவுதான். அதனால் அவர்கள் கேட்கும் கேள்வியும் ஒரே மாதிரிதான் வருகிறது: “அண்ணே, மானிட்டர் மாத்தவா, மவுஸ் மாத்தவா? இல்ல எய்ம் லேப் போட்டு உட்காரவா?” மாமாக் கடையில் தே தாரிக் ஆறுவதற்குள் இதற்கு ஒரு பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பதிலை நம்பித்தான் ஒரு பையன் பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தை எடுத்துக்கொண்டு லோ யாட் பிளாசாவுக்குப் போகிறான். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தூரத்தில் தெரியும் ஆளைத் தவறவிடுவதற்குக் கை காரணமாக இருப்பது குறைவு. திரை நடுவில் குறி காட்டும் கிராஸ்ஹேர் எங்கே காத்திருந்தது, சுடும்போது உங்கள் ஆள் அசையாமல் நின்றாரா என்ற இரண்டும்தான் பெரும்பாலான சூடுகளைக் கெடுக்கின்றன. இவற்றைத் திருத்தக் காசு வேண்டாம். இன்னும் 60 ஹெர்ட்ஸ் திரையில், அதாவது விநாடிக்கு 60 படம் காட்டும் திரையில், ஆடுபவர் மட்டும் காசை எடுக்கலாம். எய்ம் டிரெய்னர், அதாவது எய்ம் லேப் மாதிரி குறி பழகும் மென்பொருள், அதற்கும் பிறகு. புது மவுஸ் கடைசி.

இந்த வரிசை கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 (சிஎஸ் 2), வாலரண்ட் ஆடுபவர்களுக்கு. பப்ஜி ஆடுபவர்களுக்கு வேறு வரிசை, அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன். காரணம் எளிது. முதல் இரண்டிலும் தோட்டாவுக்குப் பயண நேரமே கிடையாது. பட்டனை அழுத்திய கணத்தில் கிராஸ்ஹேர் யார்மேல் இருந்ததோ அவருக்கு அடி. பப்ஜியில் தோட்டா பறந்து போகிறது, போகும் வழியில் இறங்குகிறது. அங்கே ஆளின்மேல் சரியாக வைத்துச் சுட்டாலும் படாமல் போகும். இந்த வேறுபாடு தெரியாமல் ஒரு விளையாட்டுக்கான அறிவுரையை இன்னொன்றுக்கு எடுத்துப்போகிறவர்கள்தான் அதிகம் குழம்புகிறார்கள்.

எல்லாவற்றையும் ஒரே அளவுகோலில் அளப்போம்

மானிட்டரை மவுஸோடும், மவுஸைப் பயிற்சியோடும் ஒப்பிட வேண்டும் என்றால் பொதுவான ஓர் அளவு வேண்டும். சிஎஸ் 2 அதைத் தருகிறது. அதன் வரைபடங்கள் ‘யூனிட்’ என்ற அளவில் கட்டப்பட்டவை. ஓர் ஆளின் அகலம் 32 யூனிட். ஏகே-47 ஏந்தி ஓடுபவர் விநாடிக்கு 215 யூனிட் நகர்கிறார். அப்படியென்றால் எந்தத் தாமதத்தையும், எந்த முன்னேற்றத்தையும் “அதற்குள் எதிரி எவ்வளவு தூரம் ஓடியிருப்பார்” என்று மாற்றிக் கணக்குப் போடலாம்.

முதலில் மனிதக் கண். திடீரென்று ஒன்று தெரிந்ததும் பட்டனை அழுத்த நமக்கு 200 முதல் 250 மில்லி விநாடி ஆகிறது. நல்ல கைக்காரருக்கு 200 என்றே வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் எதிரி 43 யூனிட் ஓடிவிடுகிறார். அதாவது தன் உடம்பின் அகலத்தைவிட அதிகம். கிராஸ்ஹேரைச் சுவரின் ஓரத்தோடு ஒட்டி வைத்துக் காத்திருந்தால், நீங்கள் அழுத்தும்போது அவர் அந்த இடத்தைக் கடந்தே போயிருப்பார். தோட்டா அவர் முதுகுக்குப் பின்னால் போகும். உடனே “என் கை மெதுவு, மவுஸ் சரியில்லை” என்ற முடிவுக்கு வந்துவிடுகிறோம். கையும் மவுஸும் சரியாகத்தான் இருந்தன. காத்திருந்த இடம்தான் தப்பு.

இப்போது திரை. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் 16.7 மில்லி விநாடி. அதே ஓட்டத்தில் 3.6 யூனிட். 144 ஹெர்ட்ஸில் 6.9 மில்லி விநாடி, 1.5 யூனிட். 240இல் 4.2 மில்லி விநாடி, 0.9 யூனிட். ஆக 60இலிருந்து 144க்குப் போவதில் ஒரு படத்துக்கு இரண்டு யூனிட் மிச்சம். 144இலிருந்து 240க்குப் போவதில் அரை யூனிட் சொச்சம்.

கிராஸ்ஹேரைச் சுவரிலிருந்து சரியான அளவு தள்ளி வைத்தால் 43 யூனிட் உங்கள் பக்கம் திரும்புகிறது. மானிட்டர் தருவது இரண்டு யூனிட். எண்ணை இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு, முதலில் எதைத் தொடுவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆங்கிளில் காத்திருப்பது

எதிரி வரக்கூடிய மூலையைப் பார்த்துக் குறி வைத்து நிற்பதைத்தான் ஆங்கிள் பிடிப்பது என்கிறோம். எதிரி முழு வேகத்தில் அகலமாக வெளியே வருவார் என்று எதிர்பார்த்தால், சுவரிலிருந்து ஓர் ஆள் அகலத்துக்கும் மேலே, ஒன்றரை ஆள் அளவுக்கு இடைவெளி விடுங்கள். அவரே வந்து கிராஸ்ஹேரில் நுழைவார். நீங்கள் மவுஸை நகர்த்தவே வேண்டாம், அழுத்தினால் போதும். ஆனால் தோளை மட்டும் காட்டி உள்ளே இழுத்துக்கொள்பவர், மெதுவாக அங்குலம் அங்குலமாக எட்டிப் பார்ப்பவர் இவர்களிடம் இதே இடைவெளி உங்களைக் கவிழ்த்துவிடும். அவர் ஓரத்தில் நின்று உங்களைச் சுட்டுவிட்டுப் போவார். அதனால் இடைவெளி என்பது நிலையான அளவு அல்ல. முதல் இரண்டு சுற்றில் எதிரணி எப்படி வருகிறது என்பதைக் கவனித்து, மூன்றாவது சுற்றில் மாற்ற வேண்டிய ஒன்று. வாலரண்டில் ஓட்ட வேகமும் உடல் அளவும் வேறு, எண்கள் மாறும். ஆனால் கணக்கின் போக்கு இதேதான்.

தூரமும் உங்களுக்கு உதவும். மூலையிலிருந்து நீங்கள் எவ்வளவு தள்ளி நிற்கிறீர்களோ அவ்வளவு நல்லது. மூலையை ஒட்டி வருபவரின் கண் வெளியே வருவதற்கு முன்பே அவர் தோள் உங்களுக்குத் தெரிந்துவிடும். உங்கள் தோள் அவருக்கு அப்படித் தெரியாது, ஏனென்றால் நீங்கள் தூரத்தில் இருப்பதால் அந்தத் தோள் சேர்க்கும் கோணம் மிகச் சிறியது. மூலைக்கு அருகில் நின்று ஸ்கோப் போடும் பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் அடித்துக்கொள்கிறது. கையில் இருப்பதே தூரத்துக்கான துப்பாக்கி. பின்னால் போங்கள்.

அப்புறம், நிற்பது. சிஎஸ் 2இன் ஸ்னைப்பரான ஏடபிள்யூபியை ஸ்கோப் (தூரத்தைப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி) போட்டுத்தான் சுட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஸ்கோப் போட்ட கணமே துல்லியம் முழுதாக வந்துவிடாது, ஒரு சிறு இடைவெளி தேவை என்பது சிலருக்குத்தான் தெரியும். நகரும்போது சுட்டால் ஸ்கோப் இருந்தும் தோட்டா சிதறும். இடப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தால் வலப்பக்க விசையை ஒரு தட்டுத் தட்டி உடம்பை நிறுத்திவிட்டு அழுத்த வேண்டும். இது விரல் பழக்கம். எதிரியே இல்லாத வரைபடத்தில், சுவரில் விழும் தோட்டாத் தடத்தைப் பார்த்தபடி இதைப் பழகலாம். தடம் ஒரே புள்ளியில் விழ ஆரம்பித்தால் சரி.

எங்கே குறி வைப்பது என்பதும் இதோடு சேர்ந்தது. ஏடபிள்யூபி காலைத் தவிர உடம்பில் எங்கே பட்டாலும் ஒரே அடியில் முடித்துவிடும். வாலரண்டின் ஸ்னைப்பரான ஆபரேட்டரும் உடம்பில் பட்டால் 150 புள்ளி, காலில் பட்டால் 120 புள்ளி உயிரைக் குறைக்கும். முழுக் கவசம் போட்ட ஆளுக்கே 150 போதும். அப்படியிருக்க ஏன் தலையைத் தேடுகிறீர்கள்? நெஞ்சில் வையுங்கள். இலக்கு சட்டென்று பெரிதாகிவிடும். தலையைத் தேட வேண்டியது சிஎஸ் 2இன் எஸ்எஸ்ஜி 08 போன்ற விலை குறைந்த துப்பாக்கியில்தான். விளையாட்டுக்குள் இருக்கும் பணத்தில் அதன் விலை 1,700, ஏடபிள்யூபி 4,750. மலிவுத் துப்பாக்கியில் ஆரம்பித்தால் கை தேறும் என்று சிலர் சொல்வார்கள். பழக்கத்துக்கு நல்லதுதான். ஆனால் அது தலைக்கு வைக்கும் பழக்கத்தைக் கொண்டுவரும், ஏடபிள்யூபியில் அந்தப் பழக்கத்தை மறக்கப் பிறகு தனியாக உழைக்க வேண்டியிருக்கும்.

தவறவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் யோசித்து நில்லுங்கள். ஏடபிள்யூபியில் அடுத்த தோட்டாவுக்கு ஏறத்தாழ ஒன்றரை விநாடி, ஆபரேட்டரில் அதற்கும் சற்று மேல். அந்த நேரத்தில் ஏகே வைத்திருப்பவர் எதையும் செய்யலாம். ஓர் அடி வைத்தால் சுவருக்குப் பின்னால் போய்விடக்கூடிய இடத்தில் நிற்பவருக்கு மனம் பதறாது. பதறாத மனத்தில் முதல் சூடும் நன்றாக விழும்.

இந்த இடத்தில் ஒருவர் கென்னிஎஸ்ஸைச் சொல்லி மறுப்பார். பிரான்ஸின் தொழில்முறை வீரரான கென்னிஎஸ் ஆங்கிளில் காத்திருக்கும் ஆளாகப் பெயரெடுத்தவர் அல்ல. ஏடபிள்யூபியோடு பாய்ந்து, மின்னல் மாதிரி மவுஸை வீசிச் சுட்டுப் பெயரெடுத்தவர். உண்மைதான். ஆனால் 2015இல் அந்த விளையாட்டை நடத்தும் வால்வ் நிறுவனம் ஸ்கோப் போட்டபடி நகரும் வேகத்தைக் குறைத்தது. அந்தப் பாணிக்கு அன்றிலிருந்து விலை கூடிவிட்டது. டென்மார்க்கின் டிவைஸ் மாதிரி இடம் பார்த்து, பொறுத்து, சுட்டுவிட்டு நகர்ந்துவிடும் ஆட்டம் நம் மாதிரி இரவில் ஒரு மணி நேரம் ஆடுபவர்களுக்குக் கற்க எளிது, பலனும் சீக்கிரம் தெரியும். வீச்சு பிறகு தானாக வரும்.

இவை எல்லாவற்றையும் எப்படிப் பயிற்சி செய்வது? உங்கள் ஆட்டத்தைப் பதிவு செய்து பாருங்கள். சிஎஸ் 2இல் ஆடிய போட்டியின் டெமோவை (விளையாட்டே வைத்திருக்கும் பதிவை) இறக்கலாம். மற்றவற்றுக்கு ஓபிஎஸ் என்ற இலவச மென்பொருள் போதும். ஒவ்வொரு தவறிய சூட்டிலும் நிறுத்துங்கள். எதிரி தெரிந்த கணத்தில் கிராஸ்ஹேர் எங்கே இருந்தது? அழுத்தியபோது உடம்பு நின்றதா? ஸ்கோப் போட்டு உடனே அழுத்தினீர்களா? இந்த மூன்றும் சரியாக இருந்து, அப்படியும் தவறியிருந்தால் மட்டும் அதைக் கையின் கணக்கில் எழுதுங்கள். தம்பிகளோடு உட்கார்ந்து நான் பார்த்த பதிவுகளில் கையின் கணக்கு எப்போதும் சின்னதாகவே இருந்தது.

லோ யாட்டுக்குப் போகும் முன்

மானிட்டர் வாங்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 60 ஹெர்ட்ஸ் திரை வைத்திருந்தால் 144க்கு மாறுவது நல்ல செலவு. மிச்சமாகும் யூனிட்டை விட, ஓடும் ஆளின் உருவம் மங்காமல் தெரிவதுதான் அதில் பெரிய பயன். தூரத்தில் கடுகு அளவுக்குத் தெரியும் ஆளைப் பின்தொடர்வதில் அது கண்ணுக்கே தெரியும். 240, 360 எல்லாம் உங்கள் கணினி அவ்வளவு படங்களை உருவாக்கினால்தான் பயன் தரும். சிஎஸ் 2 பிராசசரை நன்றாகவே வேலை வாங்கும். நான்கைந்து வருடப் பழைய கணினியில் 240 ஹெர்ட்ஸ் திரையை மாட்டி, ஆட்டம் 110 படத்தில் ஓடினால் அந்தப் பணம் வீண்.

வாங்குவதற்கு முன் இன்னொன்று. விண்டோஸில் டிஸ்ப்ளே அமைப்பைத் திறந்து, உங்கள் திரை இப்போது எத்தனை ஹெர்ட்ஸில் ஓடுகிறது என்று பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் திரையை வாங்கி மாட்டிவிட்டு, அதை 60இலேயே ஓட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு. மாற்ற ஒரு கிளிக் போதும்.

மவுஸ். எடை குறைந்த மவுஸ் கைக்கு இதமாக இருக்கும், மறுக்கவில்லை. லாஜிடெக்கின் ஜி புரோ எக்ஸ் சூப்பர்லைட் 63 கிராம், ரேசரின் வைப்பர் வி2 புரோ 58 கிராம். ஆனால் இன்று நடுத்தர விலையில் கிடைக்கும் மவுஸ்களின் சென்சாரே நம் கைக்குத் தேவையானதைவிடத் துல்லியமானது. உங்கள் மவுஸ் இரட்டைக் கிளிக் அடிக்கிறது, வயர் இழுக்கிறது என்றால் மாற்றுங்கள். மற்றபடி அந்தப் பணத்தில் ஒரு பெரிய துணிப் பேட் வாங்குவதே மேல். கோலாலம்பூரின் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. மழை வரப்போகும் மாலை நேரத்தில் துணிப் பேட் பிசுபிசுத்து, நேற்று சரளமாக ஓடிய மவுஸ் இன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். பேட்டைத் துவைத்து நன்றாகக் காய வைத்தால் பெரும்பகுதி சரியாகிவிடும். அறையில் ஏசி இல்லாதவர்கள் முன்கையில் துணி உறை போட்டுக்கொள்கிறார்கள். வியர்வையில் கை ஒட்டாமல் இருக்க அது நல்ல வழி. கண்ணாடிப் பேட் ஈரத்தை உறிஞ்சாது, ஆனால் அதில் மவுஸ் வழுக்கிக்கொண்டு போகும். ஸ்னைப்பருக்குத் தேவை நிறுத்தும் பிடிப்பு. எனக்குத் துணிதான் பிடிக்கும்.

சென்சிட்டிவிட்டி: ஒரு முறை கணக்குப் போட்டால் போதும்

இதில் செலவு கிடையாது, ஒரு மாலையில் முடிந்துவிடும். ஆனாலும் இதில் குழம்பி வாரம் ஒரு முறை எண்ணை மாற்றுபவர்கள் நிறைய. மவுஸ் நகர்வை எவ்வளவு நுணுக்கமாக அளக்கிறது என்பது டிபிஐ, அந்த நகர்வுக்குப் பார்வை எவ்வளவு திரும்புகிறது என்பது சென்சிட்டிவிட்டி. 800 டிபிஐ, சிஎஸ் 2இல் சென்சிட்டிவிட்டி 1.0 என்றால், முழு வட்டம் திரும்ப மவுஸ் 52 செ.மீ. போக வேண்டும். வாலரண்டில் அதே அளவுக்கு 0.314 என்று போடுங்கள். இந்த அளவு நீண்ட தூரக் குறிக்கு நல்ல தொடக்கம். பெரும்பாலான தொழில்முறை வீரர்கள் 400 அல்லது 800 டிபிஐயில், இதை ஒட்டிய வேகங்களில்தான் ஆடுகிறார்கள். பிளாட் வீட்டில் மேசை குறுகலாக இருக்கிறது என்றால் கீபோர்டைச் சாய்த்து வைத்து மவுஸுக்கு இடம் பண்ணுங்கள். இடம் இல்லை என்பதற்காக வேகத்தைக் கூட்டினால் தூரத்தில் கை நடுங்குவது போலத் தெரியும்.

முக்கியமானது ஸ்கோப் வேகம். சிஎஸ் 2இல் அதற்கென்று தனி எண் உண்டு, இயல்பாக 1.0 என்று இருக்கும். அதை 0.82 ஆக்கினால், ஏடபிள்யூபியின் முதல் ஸ்கோப்பில் திரையின் நடுப்பகுதியில் கிராஸ்ஹேர் நகரும் வேகம், ஸ்கோப் இல்லாதபோது நகரும் வேகத்தோடு ஒத்துப்போகும். இது யாரோ விரும்பித் தேர்ந்த எண் அல்ல. ஸ்கோப் இல்லாத பார்வைக் கோணம் 90 பாகை, முதல் ஸ்கோப்பில் 40 பாகை. இரண்டின் பாதிக் கோணங்களின் டேன் மதிப்பை வகுத்தால் 0.364. விளையாட்டு தானாகக் குறைப்பது 40/90, அதாவது 0.444. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 0.819. படிவம் ஐந்து கணிதம் போதும். இரண்டாவது ஸ்கோப்பில் கோணம் 10 பாகை என்பதால் இதே கணக்கு 0.787 என்று வரும், இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இதற்காக 0.82தான் சரி, 1.0 தப்பு என்று சண்டை போட வேண்டாம். 1.0இலேயே பல வருடம் ஆடி உச்சத்துக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்து, பிறகு அதைத் தொடாமல் இருப்பதே பயன் தரும்.

எய்ம் டிரெய்னரா, டெத்மேட்சா?

எய்ம் லேப் இலவசம். கோவாக்ஸ் காசு கொடுத்து வாங்க வேண்டியது, ஆனால் அதில் பயிற்சி வகைகள் ஏராளம். புதிதாக ஆரம்பிப்பவருக்கு இலவசமே போதும். இவற்றில் நல்லது என்னவென்றால், பத்து நிமிடத்தில் நூற்றுக்கணக்கான முறை சுடலாம். உண்மையான ஆட்டத்தில் ஏடபிள்யூபி வைத்திருந்தாலும் ஒரு சுற்றுக்கு ஒன்றிரண்டு வாய்ப்புத்தான். ஸ்னைப்பர் ஆடுபவர் எடுக்க வேண்டியது சின்ன இலக்கு, குறுகிய தூர வீச்சு, நின்று கிளிக் செய்யும் வகை. ஓடும் பந்தை விடாமல் பின்தொடரும் பயிற்சி ஏபெக்ஸ் என்ற விளையாட்டை ஆடுபவர்களுக்குப் பயன்படும், நமக்கு அவ்வளவு இல்லை.

டிரெய்னரில் உழைத்து எதிர்வினையில் 20 மில்லி விநாடி குறைத்துவிட்டீர்கள் என்றே வைப்போம். நம் அளவுகோலில் அது 4.3 யூனிட். மானிட்டர் தந்ததைவிட அதிகம், காத்திருக்கும் இடம் தந்ததில் பத்தில் ஒரு பங்கு. அதனால்தான் மணி நேரம் முழுவதையும் அதில் கொட்ட வேண்டாம் என்கிறேன். பதினைந்து நிமிடம் போதும், விரலைச் சூடாக்க.

டெத்மேட்ச் என்பது செத்தாலும் உடனே திரும்பி வந்து சுட்டுக்கொண்டே இருக்கும் ஆட்ட வகை. டெத்மேட்சில் எதிரி உண்மையான மனிதர், உண்மையான வரைபடம், உண்மையான ஓட்ட வேகம். ஆனால் அங்கே எல்லாத் திசையிலிருந்தும் ஆள் வருவதால் ஆங்கிளில் பொறுத்து நிற்கும் பழக்கம் கெட்டுப்போகும். நான் சொல்லும் வழி: டெத்மேட்சில் எண்ணிக்கைக்காக ஓடாமல், டஸ்ட் 2 வரைபடத்தின் லாங் மாதிரி ஒரே நீண்ட பாதையை எடுத்துக்கொண்டு, ஒரே மூலையை மட்டும் பாருங்கள். பின்னாலிருந்து செத்தால் சாகட்டும். இன்னொரு நல்ல வழி, ஒரு நண்பரைத் தனி அறையில் கூப்பிட்டு, அவரை அதே மூலையிலிருந்து விதவிதமாக வரச் சொல்வது: ஒரு முறை அகலமாக, ஒரு முறை தோளை மட்டும் காட்டி, ஒரு முறை குதித்து. பத்து நிமிடத்தில் இடைவெளியின் அளவு கண்ணில் பதிந்துவிடும். பிறகு இருவரும் இடம் மாறிக்கொள்ளலாம். இதைவிட நல்ல பயிற்சியை நான் பார்த்ததில்லை.

போட்டிகளைப் பார்ப்பதும் பயிற்சிதான், பார்க்கத் தெரிந்தால். 2025இல் வாலரண்டின் டொரொண்டோ மாஸ்டர்ஸ் போட்டியை வென்ற பேப்பர் ரெக்ஸ் அணியில் நம் நாட்டு டவாய் இருந்ததால் நம் பிள்ளைகள் வாலரண்டை ஆர்வமாகப் பார்க்கிறார்கள். பார்க்கும்போது எதிரி விழும் காட்சியை விட்டுவிடுங்கள். ஆபரேட்டர் வைத்திருப்பவர் அதற்கு முந்தைய இரண்டு விநாடியில் எங்கே நின்றார், கிராஸ்ஹேரைச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைத்தார் என்று மட்டும் பாருங்கள்.

பப்ஜி ஆடுபவர்களுக்கு

இங்கே முதலில் வேண்டியது எண் அறிவு. பப்ஜியின் ஸ்னைப்பர்களில் கார்98கேயின் தோட்டா விநாடிக்கு 760 மீட்டர், எம்24இனுடையது 790, ஏடபிள்யூஎம்மினுடையது 945. காற்றுத் தடையை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், 300 மீட்டர் தூரத்துக்குக் கார்98கே தோட்டா ஏறத்தாழ 0.39 விநாடி எடுக்கும். எதிரி குறுக்கே விநாடிக்கு ஆறு மீட்டர் ஓடுகிறார் என்றால் அதற்குள் 2.4 மீட்டர் போய்விடுவார். அவ்வளவு முன்னால் வைத்துச் சுட வேண்டும். ஏடபிள்யூஎம் என்றால் 1.9 மீட்டர். அரை மீட்டர் வித்தியாசம். தலைக்கும் வெறும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம் அது. அதனால் பப்ஜியில் துப்பாக்கியை அடிக்கடி மாற்றாமல் ஒன்றிலேயே ஊறுவதுதான் மிகப் பெரிய முன்னேற்றம் தரும்.

தோட்டாவின் இறக்கத்துக்கு, கணினியில் ஆடுபவர்கள் பேஜ் அப், பேஜ் டவுன் விசைகளால் ஸ்கோப்பின் தூரத்தை மாற்றிக்கொள்ளலாம். தூரத்தை எப்படி அறிவது? எராங்கல் என்ற வரைபடம் எட்டுக்கு எட்டு கிலோமீட்டர். வரைபடத்தில் பெரிய கட்டம் ஒரு கிலோமீட்டர், பெரிதாக்கினால் தெரியும் சின்னக் கட்டம் நூறு மீட்டர். கைப்பேசியில் ஆடுபவர்களுக்கு வேலை எளிது, குறியிட்டால் தூரம் மீட்டரிலேயே தெரியும்.

கைப்பேசிக்காரர்களுக்கு இன்னொரு தேர்வும் உண்டு: விரலால் மட்டும் குறி வைப்பதா, கைப்பேசியின் சாய்வை உணரும் ஜைரோஸ்கோப்பையும் சேர்ப்பதா? நீண்ட தூரத்துக்கு ஜைரோஸ்கோப்பைச் சேருங்கள். விரலால் கிட்டத்தட்ட இலக்குக்குப் போய், கடைசி மயிரிழைத் திருத்தத்தைக் கைப்பேசியைச் சாய்த்துச் செய்யலாம். முதல் ஒரு வாரம் தலை சுற்றும். ஸ்கோப் போடும்போது மட்டும் வேலை செய்யும்படி வைத்தால் பழகிவிடும். எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டு பழக வேண்டாம்.

இணையம்

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். சிஎஸ் 2, வாலரண்ட் இரண்டுக்கும் நமக்கு அருகில் இருக்கும் சர்வர் சிங்கப்பூரில். ஒளியிழையில் ஒளி ஒரு மில்லி விநாடிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் போகும். கோலாலம்பூரிலிருந்து தூரம் ஒரு பிரச்சினையே இல்லை, பினாங்கிலிருந்தும் இல்லை. பிரச்சினை வீட்டுக்குள் இருக்கிறது. நாலு பேர் பயன்படுத்தும் வைஃபையில் திடீரென்று 20 மில்லி விநாடி எகிறினால் அது மறுபடியும் 4.3 யூனிட். வேகமான திட்டத்துக்கு மாறுவதைவிட ரூட்டரிலிருந்து ஒரு நீளக் கேபிள் இழுப்பது மலிவு.

யாருக்கு எது?

வீட்டில் கணினி இருந்து, திரை 60 ஹெர்ட்ஸ் என்றால்: கேபிள், பேட், பிறகு 144 ஹெர்ட்ஸ் மானிட்டர். அதோடு பணப்பையை மூடிவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் பதினைந்து நிமிடம் டிரெய்னர், இருபது நிமிடம் நண்பரோடு ஆங்கிள் பயிற்சி, மீதி நேரம் சொந்தப் பதிவு. வார இறுதியில் ஆடிக்கொள்ளலாம்.

ஏற்கெனவே 144 ஹெர்ட்ஸ் வைத்திருப்பவர் ஆயிரம் ரிங்கிட்டைத் தொடவே வேண்டாம். நேரத்தை மட்டும் மேலே சொன்ன மாதிரி பிரியுங்கள்.

கணினி இல்லாமல் சைபர் கஃபேயில் ஆடும் தம்பிகளுக்குத்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்களுக்கு யாரும் எழுதுவதில்லை. இருக்கைக்கு இருக்கை மவுஸ் வேறு, டிபிஐ வேறு. டிபிஐ, சென்சிட்டிவிட்டி, ஸ்கோப் எண், கிராஸ்ஹேர் குறியீடு நான்கையும் கைப்பேசியில் எழுதி வையுங்கள். உட்கார்ந்ததும் முதலில் திரையின் ஹெர்ட்ஸ், அடுத்து டிபிஐ, அதன்பிறகு இந்த எண்கள் என்று வரிசையாகச் சரிபாருங்கள். டிபிஐ தெரியாத மவுஸ் என்றால், பேட்டில் 52 செ.மீ. அளந்து குறித்துக்கொண்டு, அந்தத் தூரம் நகர்த்தினால் ஒரு முழு வட்டம் வருகிறதா என்று பாருங்கள். வரும்வரை சென்சிட்டிவிட்டியை ஏற்றி இறக்குங்கள். நான் முதலில் வாங்கச் சொல்வது சொந்த மவுஸ், நடுத்தர விலையில் ஒன்று. இவர்களுக்கு மட்டும் என் வரிசை தலைகீழ்: மவுஸ் முதலிடத்துக்கு வந்துவிடுகிறது, ஏனென்றால் தினமும் வேறு கருவியில் விரல் எதையும் பழகாது.